புனைகதைக்கும் ஒரு முதுகலை

ஆலங்காயத்தினின்று சவ்வாது மலைமேல் ஏறும் வழியில் காவலூர் இருக்கின்றது. விண்மீன்களை அளந்து நோக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கி வருகின்றது. வானியல் கற்க விழையும் இளைஞன் ஒருவனுக்கு அதன் வழி தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. இன்ன பட்டம் பெறுக, இன்ன தேர்வு எழுதுக, இன்ன ஆசிரியரிடம் சேர்க என அவனுக்குச் சொல்ல ஆள் உண்டு, கருவியும் உண்டு, கருவியைக் கையிற் கொடுத்துப் பழக்குவாரும் உண்டு.

அம் மலையின் அடியிலோ, வைகறையில் காலணித் தொழிலகங்களின் பேருந்துகள் வந்து நிற்கின்றன. பெண்கள் சோற்றுத் தூக்குடன் ஏறுகின்றனர். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் சென்று, தோலை வெட்டியும் தைத்தும் ஒட்டியும், ஞாலத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ அணியப்போகும் காலணிக்கு மேற்புறம் அமைத்துவிட்டு, இருட்டிய பின் திரும்புகின்றனர். அவர்களுள் ஒருத்தியின் மகள் இளங்கலைத் தமிழ் முடித்திருக்கின்றாள் என்று கொள்க. தன் தாயின் வாழ்வைப் புதினமாக எழுத வேண்டும் என்னும் வேட்கை அவளுக்கு உண்டென்றும் கொள்க. வேட்கை இருக்கின்றது, எழுதும் முறைதான் தெரியவில்லை. அதனைக் கற்றுக்கொள்ள அவள் எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டுவாள்?

தமிழ் முதுகலைக்குப் போவாள் என்பர். போகட்டும். அங்கே புதினம் பாடமாக இருக்கின்றது. கதைமாந்தர் படைப்பு, உத்தி, நடை, குமுகாய நோக்கு, தலைப்பின் பொருத்தம் என ஐந்து தலைப்புகளில் அவள் விடையெழுதப் பழகுவாள். பிறர் எழுதிய புதினம் ஒன்றனைக் கூறுபோட்டுக் குவியல் குவியலாக வைக்கத் தெரிந்துகொள்வாள். ஈராண்டு கழித்து, 'புதினங்களில் பெண்கள்' என்றோ 'சிறுகதைகளில் சிற்றூர்' என்றோ ஓர் ஆய்வேடும் எழுதி முடிப்பாள். தன் கதையின் முதற் பக்கம் மட்டும் எழுதப்படாமலே கிடக்கும். படைப்பிலக்கியப் பயிற்சி என ஒரு தாள் ஆங்காங்கே பாடத்திட்டத்தில் இடம்பெறாமல் இல்லை. ஆயின், அதற்கும் தேர்வறையில் மூன்று மணிநேரத்தில் விடையெழுதி மதிப்பெண் வாங்கும் நிலையே பெரும்பாலும் நிலவுகின்றது. மூன்று மணிநேரத்தில் எவரால் கதை பழக இயலும்?

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசே கல்லூரி வைத்துச் சிற்பம் கற்பித்து வருகின்றது. அங்கே மாணாக்கன் கையில் உளியைக் கொடுக்கின்றனர், கல்லைக் கொடுக்கின்றனர், அவன் செதுக்கியது பிழைபட்டால் பிழைபட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுகின்றனர். சிற்பத்தைப் பற்றிய நூல்களைப் படித்துத் தேர்வெழுதியவனைச் சிற்பி என்று அங்கு எவரும் அழைப்பதில்லை. இசைக்கல்லூரியிலும் அஃதே. சொல்லைக் கல்லாகவும் கருத்தை உளியாகவும் கொண்ட கலைக்கு மட்டும், கலையைத் தொடாமலே கலைப்பட்டம் வழங்கும் முறை எங்ஙனம் வந்தது?

'எழுத்து என்பது கருவிலே அமையும் திரு. அதைக் கற்பிக்க இயலாது' என்பார் உளர். கேட்பதற்கு இனிய சொல்லே. ஆனால் குரலும் கருவிலே அமைவதுதானே? அதனால் பண் கற்பிப்பதை எவரேனும் விட்டனரா? அமெரிக்க நாட்டு அயோவாப் பல்கலைக்கழகம், மேற்பட்டங்களுக்கு ஆய்வேட்டின் இடத்திற் படைப்பையும் ஏற்பதென 1922லேயே முடிவு செய்தது. 1936இல் எழுத்தாளர் பட்டறையை நிறுவியது. இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் 1970இல் படைப்பெழுத்து முதுகலையைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த முதல் மாணாக்கர் இயான் மெக்கீவன். ஒரே மாணாக்கரைக் கொண்டு ஒரு வகுப்பைத் தொடங்கும் துணிவு அப் பல்கலைக்கழகத்திற்கு இருந்தது! பத்தாண்டுகட்குப் பின் அதே வகுப்பில் பயின்றவர் கசுவோ இசிகுரோ. முதுகலைக்கென அவர் எழுதியதே 1982இல் அவருடைய முதற் புதினமாக வெளிவந்தது. 2017இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ் வகுப்புகளிற் படித்தோர் அனைவரும் பெரும்புலவராயினர் என்பதன்று. பலர் எழுதாமலே போயினர். எழுதியவரும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் எழுதுகின்றனர் என்னும் குறைபாடு அந்நாடுகளிலேயே பேசப்படுகின்றது. அக் குறை மெய்யே. ஆனால் பயிர் சில இடத்துச் சாவியாயிற்று என்பதற்காக உழவை நிறுத்துவாரில்லை.

தமிழர் இவ் வகுப்புகளின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கின்றனர். அசோகமித்திரன் 1973இல் அயோவாவின் அனைத்துநாட்டு எழுத்தாளர் திட்டத்திற்குச் சென்றார். அவ் வாழ்வே பின்னர் 'ஒற்றன்!' என்னும் தமிழ்ப் புதினமாயிற்று. அது பட்ட வகுப்பன்று. வளர்ந்த எழுத்தாளர்க்கான அழைப்பு. பட்ட வகுப்பிலேயே பயின்றவர் ஒருவரும் உளர். ஈழத்தமிழ்க் குடும்பத்தில் வந்த வ. வ. கணேசானந்தன் அயோவாப் பட்டறையில் முதுகலை முடித்தார். 1980களின் யாழ்ப்பாணத்தை, அங்கு உடன்பிறந்தாரை இழந்த ஒரு பெண்ணின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு புதினம் எழுதினார். 2024இல் புனைகதைக்கான பெண்கள் பரிசை இங்கிலாந்தில் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதே கலையைக் கற்பிக்கவும் செய்கின்றார். யாழ்ப்பாணத்தின் துயர் உலகின் செவிக்கு எட்டியது, மகிழத்தக்கதே. எனினும் அது ஆங்கிலத்தில் எட்டியது. யாழ்ப்பாணத்துத் துயரைச் சொல்லவும் ஆங்கிலத்திற்குப் பல்கலைக்கழகப் பயிற்சி கிடைக்கின்றது, தமிழுக்குக் கிடைக்கவில்லை. குறை அவ்வம்மையாரிடத்தது அன்று; தமிழிற் கற்பிக்க இடம் அமைக்காதவரிடத்தது.

இனி, இக் கல்வி தமிழுக்குப் புறத்தேயிருந்து வரவேண்டியதா? தொல்காப்பியத்தைத் திறந்தாலே ஐயம் அகலும். உள்ளதை உள்ளவாறு காட்டும் உலகியல் வழக்கையும், சுவைபடப் புனைந்து காட்டும் நாடக வழக்கையும் இணைத்துப் புலனெறி வழக்கம் என அகத்திணையியல் வகுத்தது. புனைகதைக்கலையின் நடுநரம்பே அதுதான். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் உயிரும் மரமும் தொழிலும் பறையும் கருப்பொருள். மாந்தர் நெஞ்சின் ஒழுக்கம் உரிப்பொருள். இம் மூன்றும் ஒன்றோடொன்று பிணையாத கதை நிற்காது என்பதனை இற்றைப் பட்டறை ஆசிரியர் வேறு சொற்களாற் சொல்லித் தருகின்றனர். மெய்ப்பாட்டியலோ அச்சமும் அழுகையும் உடம்பில் எங்ஙனம் தோன்றும் என எண்ணிக் காட்டுகின்றது. செய்யுளியலில் உரைநடையை நால்வகைப்படுத்தும்போது, பொருளடிப்படையின்றிப் புனையும் பொய்க்கதைக்கும் பொருளோடு கூடிய நகைமொழிக்கும் தொல்காப்பியர் இடந் தந்துள்ளார். இவையெல்லாம் முதுகலை வகுப்பில் நெட்டுருச் செய்யப்படுகின்றன. ஒரு பக்கமேனும் எழுதிப் பார்ப்பதற்குக் கருவியாக எவர் கையிலும் கொடுக்கப்படுவதில்லை. கருவிநூல் என்று பெயர்மட்டும் இருக்கின்றது.

தனித்தமிழ் இயக்கத்தின் முதல்வரான மறைமலையடிகளே இரு புதினங்கள் எழுதியவர் என்பது பல தமிழன்பர்க்கும் மறந்துபோயிற்று. 1911இல் வெளிவந்த 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' ஆங்கில எழுத்தாளர் இரெயினால்ட்சின் கதையைத் தழுவியது. 'கோகிலாம்பாள் கடிதங்கள்' மடல்களாலேயே கதையை நடத்திச் செல்வது. அயற்கதையைத் தழுவிக் கைபழகி, பின்னர்த் தாமே ஒரு வடிவத்தைத் தேர்ந்து எழுதிய அம் முறையில் ஒரு மாணாக்கன் கற்கும் ஒழுங்கு தெரிகின்றது. அவ்வளவு பெரும்புலமையர் கதையெழுதக் கூசவில்லை. அவர்க்குப் பின்வந்த தனித்தமிழ் அன்பரோ பாட்டுக்கும் சொல்லாய்வுக்கும் காட்டிய பரிவில் காற்பங்கேனும் புனைகதைக்குக் காட்டினரா? இல்லை என்றே சொல்லவேண்டும். இவ்விதழைப் படிப்போர்க்கு இச் சொல் கசக்கலாம். கிழமை இதழ்களின் கலப்புநடைத் தொடர்கதைகளைப் பழித்துத் திரிந்தனரேயன்றி, அவற்றின் இடத்தில் வைக்கத்தக்க நல்ல தமிழ்ப் புதினம் எத்தனை எழுதித் தந்தனர்? மக்கள் கையில் நூல் வேண்டும். பழிப்புரையை வைத்துக்கொண்டு எவரும் இரவில் கண்விழித்துப் படிப்பதில்லை.

தோல்நிலத்தின் பக்கம் திரும்பினால், இதற்கு விலக்காக நின்ற பெரியார் ஒருவர் அம் மண்ணிலேயே தோன்றியிருக்கின்றார். மு. வரதராசனார் பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்து வேலம் என்னும் சிற்றூர்க் குடியினர். திருப்பத்தூரிற் பள்ளிக்கல்வி முடித்தார்; வட்டாட்சி அலுவலகத்தில் எழுத்தராயிருந்தார்; உடல்நலங் குன்றவே அப் பணியை விட்டார். தாமே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறினார். திருப்பத்தூர் நகராட்சிப் பள்ளியில் 1939 வரை தமிழாசிரியராயிருந்து, பின் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். தமிழ் வினைச்சொற்களைப் பற்றிய ஆய்வுக்காக 1944இல் மேற்பட்டமும், கழகப் பாட்டுகளில் இயற்கை என்னும் ஆய்வுக்காக 1948இல் முனைவர்ப் பட்டமும் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு முதன்முதல் வழங்கப்பட்ட முனைவர்ப் பட்டம் அதுவே.

அதே ஆண்டுகளில் அவர் வேறொன்றும் செய்துகொண்டிருந்தார். 1946இல் 'செந்தாமரை' வந்தது. தொடர்ந்து 'கள்ளோ காவியமோ?', 'கரித்துண்டு' எனப் புதினங்கள் பெருகின. 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. வாலாசாவும் பாலாற்றங்கரை வாழ்வும் அப் புதினத்தில் உயிரோடு இருக்கின்றன. பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் தந்தது வினைச்சொல்லுக்கும் இயற்கைக்கும். ஊரூராகத் தமிழ்க் குடும்பங்கள் அவரைத் தம் வீட்டிற்குள் ஏற்றதோ புதினத்திற்காக. ஒருவரிடத்தே இருந்த இரு கலைகளுள் ஒன்றற்கு மட்டுமே கல்விநிலையத்தில் நாற்காலி இருந்தது. மற்றொன்றை அவர் தனியே இருந்து, தமக்குத் தாமே ஆசிரியராகிப் பழகினார். கற்றதை 'இலக்கிய மரபு', 'இலக்கியத் திறன்' முதலிய நூல்களில் பிறர்க்கும் எழுதிவைத்தார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார், 1974இல் மறைந்தார். தமிழில் முனைவர்ப் பட்டமும் புதினப் புகழும் ஒருங்கே பெற்ற ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமையிலேயே இருந்தும், அக் கலைக்கென ஒரு பட்ட வகுப்பு தமிழ்நாட்டில் வேரூன்றாமற் போனது, தமிழ்த்துறைகளின் பழக்கம் எத்துணை இறுகியது என்பதனைக் காட்டும்.

பழக்கத்தை உடைத்த இடமும் உண்டு. கி. இராசநாராயணன் கல்லூரிப் படியேறாத கரிசல் உழவர். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் வருகைதரு பேராசிரியராக அமர்த்திற்று. 1982இலேயே வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றனைத் தொகுத்தவர் அவர். அவ் வழியிற் பின்னர்க் கொங்குச் சொல்லகராதி தந்த பெருமாள் முருகன், அரசுக் கல்லூரிகளில் தமிழாசிரியராக இருந்துகொண்டே புதினங்கள் எழுதியவர். எழுத்தாளன் வகுப்பறையில் நிற்கக்கூடாதென எவ் விதியும் இல்லை என்பதற்கு இவை போதும்.

இங்கே தனித்தமிழன்பர் நெஞ்சில் ஒரு தடை எழும். கதைமாந்தர் எந்தத் தமிழிற் பேசுவர்? மு.வ.வின் மாந்தர் பெரும்பாலும் எழுத்துத் தமிழிற் பேசினர். அது நடைத்தூய்மைக்கு உதவிற்று, ஆனால் படித்தவனும் பாமரனும் ஒரே குரலிற் பேசும் குறையையும் தந்தது. ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் இடத்தை எவரும் 'தோல் பதனிடு நிலையம்' என்று வாயாற் சொல்வதில்லை. 'தோல்சாப்பு' என்றே சொல்கின்றனர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்கும் தொழிலாளி புலவர் நடையிற் பேசினால், அது தமிழுக்குச் செய்யும் தொண்டன்று. அவனுக்குச் செய்யும் பொய். தொல்காப்பியர் இயற்சொல்லோடு திசைச்சொல்லையும் செய்யுளுக்கு உரியதாக வைத்தாரே! ஆசிரியன் தன் வாயாற் சொல்லும் பகுதி நல்ல தமிழில் நடக்கட்டும். மாந்தர் வாய்மொழி அவரவர் திசையில் நடக்கட்டும். எங்கே எதனை எவ்வளவு கலப்பது என்பதே கைத்திறன். அது பழகினால் வருவது. பழக்க ஆள் வேண்டும்.

இன்னும் ஒன்று. வட்டாரப் பேச்சு என்றால் அயற்சொற் குப்பை என்று எண்ணுவாரும் உளர். தோல்தொழிலையே எடுத்துக்கொள்க. பட்டையாற் பதனிடும் பழைய முறையில் தோலை ஊறவைப்பர். சுண்ணாம்புக் குழியிலிட்டு மயிர் களைவர். உட்புறத்துச் சவ்வை வழிப்பர். ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் மாறி மாறி இடுவர். எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துவர். ஊறல், குழி, பட்டை, சாறு, பதம்! இவற்றுள் எது அயற்சொல்? அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை 1970களில் நடுவணரசு கட்டுப்படுத்திய பின்னரே குரோமியப் பதனீடு பெருகிற்று. அதனோடு வேதியற் சொற்களும் வந்தன. ஒரு தொழிலின் மொழி மாறிய கதையே அந் நிலத்தின் ஆறு மாறிய கதையுமாகும். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச முறைமன்றம் 1996இல் தீர்ப்புரைத்தபோது, தோல்தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் கணக்கு அதிற் காட்டப்பட்டது. 2015ஆம் ஆண்டு தொடக்கத்தில் இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் வங்கத்தினின்று பிழைக்க வந்தவர்.

தீர்ப்பு எக்டேரைச் சொல்லும். செய்தித்தாள் பதின்மர் என்னும் எண்ணைச் சொல்லும். கிணற்று நீரை வாயில் வைத்துத் துப்பிய உழத்தி அன்று மாலை உலையில் எதை ஊற்றினாள் என்பதைக் கதை ஒன்றே சொல்லும். அதனைச் சொல்ல முயன்றார் சிலர் உளர். வழக்குரைஞரான தி. செல்வராசு திண்டுக்கல் தோல்தொழிலாளரைக் கொண்டு 'தோல்' எழுதி 2012இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார். பேரணாம்பட்டினரான அழகிய பெரியவன் அப் பகுதி ஒடுக்கப்பட்டோர் வாழ்வைத் 'தகப்பன் கொடி' முதலியவற்றில் எழுதினார். இவர்கள் தம் முயற்சியால் எழுந்தவர்கள். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த அப்துல் இரகுமானைச் சுற்றி இளம்பாவலர் பலர் உருவாயினர். ஒரு நல்லாசிரியர் இருந்தால் ஒரு சிற்றூரும் பட்டறையாகும் என்பதற்கு அது சான்று. பாட்டுக்கு அங்குக் கிடைத்த அவ் வாய்ப்பு புதினத்திற்குக் கிடைக்கவில்லை.

ஒரு பட்டறையில் என்ன நடக்கும்? மாணாக்கி ஒருத்தி, 'தோல்தொழிலாளி பெருந்துன்பம் உற்றான்' என்று எழுதிவந்து படிக்கின்றாள். உடனிருப்போர் பதின்மர் கேட்கின்றனர். எந்தக் கை? சுண்ணாம்பு விரலிடுக்கிற் கடித்ததா, நகக்கண்ணிலா? சோறு பிசைகையில் எரிந்ததா? குழந்தையைத் தூக்குமுன் கையை எதிற் கழுவினான்? அவள் மறுகிழமை மீண்டும் எழுதிவருகின்றாள். 'துன்பம்' என்னும் சொல் அதில் இல்லை. கை மட்டும் இருக்கின்றது. இதுவே பாடம். இப் பாடத்திற்குத் தேர்வுத்தாள் அமைக்க முடியாது; கிழமைதோறும் படிக்கவும் கேட்கவும் திருத்தவும் ஈராண்டு வேண்டும்; முடிவில் ஆய்வேட்டின் இடத்தில் ஒரு புதினமோ ஒரு சிறுகதைத் தொகுதியோ வைக்கப்பட வேண்டும். மதிப்பிடுவோருள் ஒருவரேனும் கதை எழுதியவராயிருத்தல் வேண்டும். நீச்சல் அறியாதவன் கரையில் நின்று நீச்சலுக்கு மதிப்பெண் இடுவது போதும்.

பெரும்பொருள் செலவாகும் என்னும் பேச்சு இதற்குப் பொருந்தாது. ஆய்வகம் வேண்டா, பொறி வேண்டா, ஓர் அறையும் பன்னிரண்டு நாற்காலியும் ஒரு நல்ல நூலகமும் போதும். தடை பணத்தில் இல்லை. முனைவர்ப் பட்டம் இல்லாத எழுத்தாளனைப் பேராசிரியர் வரிசையில் அமர்த்தத் தமிழ்த்துறைகள் கொள்ளும் கூச்சத்தில் இருக்கின்றது. ஆங்கிலத்துறைகள் அக் கூச்சத்தை விட்டு வருகின்றன. அவை முழுவதும் விட்டபின், கதையெழுத விழையும் ஆலங்காயத்து மகளும் ஆங்கிலத்திற்கே போவாள். போனபின் அவளைக் குறைசொல்லும் தகுதி எவர்க்கும் இராது.

வள்ளுவர் பெயரைத் தாங்கி 2002இல் தோன்றிய வேலூர்ப் பல்கலைக்கழகம் இதனைத் தொடங்கத் தகுந்த இடம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் உடன் தொடங்கலாம். தமிழன்பர்கள் தத்தம் ஊர்த் தமிழ்மன்றங்களின் வழியாக இவ்விரு துணைவேந்தர்க்கும் எழுதுதல் வேண்டும். எழுதும்போது ஒன்றை மறவாமல் குறிக்க: வகுப்பு ஞாயிற்றுக்கிழமையில் நடத்தப்பட வேண்டும், அதுவும் வாணியம்பாடியிலேனும் ஆம்பூரிலேனும் நடத்தப்பட வேண்டும். காலணித் தொழிலகத்துப் பேருந்து ஓடாத நாள் அது ஒன்றே.